எஞ்சினுக்கு வலிமை: ராக்கரை மாற்றுவதா, கேம்ஷாப்டை மாற்றுவதா?

ஏரிப் பாசனத்தைக் கண்டு வளர்ந்தவர்கள் நாம். தொழிலின் பொருட்டுப் புனேயிலோ ஜாம்ஷெட்பூரிலோ குடியேறிய பின்னரும், மதகுப் பலகையை உயர்த்தி வயலுக்கு நீர் விடும் காட்சி நம் நினைவை விட்டு அகலவில்லை. வயலுக்கு இன்னும் நீர் வேண்டுமாயின் வழிகள் இரண்டு. பலகையை இன்னும் சற்று உயரத் தூக்கலாம். அல்லது அதைக் கூடுதலான நேரம் திறந்து வைக்கலாம். மோட்டார் எஞ்சினின் வலிமையைப் பெருக்க விரும்புவோர் முன் நிற்கும் கேள்வியும் ஏறக்குறைய இதுவே. ராக்கரை மாற்றுவது முதல் வழி. பெரிய கேம்ஷாப்டைப் பொருத்துவது இரண்டாவது வழி. இவ்விரண்டிற்கும் செலவு வேறு, பலன் வேறு, ஆபத்தும் வேறு. ஆராயாது ஒன்றைத் தேர்ந்தவர் பணத்தை மட்டுமன்றி, நல்ல நிலையில் இருந்த எஞ்சினையும் இழக்க நேரும்.

முதலில் உறுப்புகளை அறிந்துகொள்வோம். ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினின் சிலிண்டருக்குள் எரிபொருட் கலவை நுழைய ஒரு வால்வும், எரிந்த புகை வெளியேற ஒரு வால்வும் வேண்டும். இவற்றைத் திறக்கும் பொறுப்பு கேம்ஷாப்டைச் சேர்ந்தது. அது ஒரு நீண்ட தண்டு. அதன்மேல் முட்டை வடிவான மேடுகள் அமைந்திருக்கும். கிராங்க்ஷாப்ட் இரண்டு முறை சுற்றும்போது இது ஒரு முறை சுற்றும். மேடு டாப்பெட்டை உயர்த்தும். டாப்பெட் புஷ்ராடை உயர்த்தும். புஷ்ராட் ராக்கரின் ஒரு முனையை மேலே தள்ள, அதன் மறுமுனை தாழ்ந்து வால்வைத் திறக்கும். மேடு கடந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும்.

இவ்வமைப்பு நமக்குப் புதியதன்று. உத்தர்பாராவில் உருவான அம்பாசிடர் காரின் பழைய 1,489 சி.சி. எஞ்சினும், சென்னைத் திருவொற்றியூரில் பிறந்து பஞ்சாப் வரை புகழ் பரப்பிய பழைய புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினும் இவ்வகையைச் சேர்ந்தவையே. ஆயினும், ராக்கரா கேம்ஷாப்டா என்ற விவாதம் பெரிதும் வளர்ந்தது அமெரிக்காவில். 1955-ஆம் ஆண்டில் செவர்லே நிறுவனம் வெளியிட்ட ‘ஸ்மால் பிளாக்’ என்னும் எட்டு சிலிண்டர் எஞ்சின் அந்நாட்டு இளைஞர்களின் கைக்கருவியாகவே ஆயிற்று. ஆகவே அதனையே நாம் எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ராக்கர் என்பது ஒரு நெம்புகோல். நம் கிராமத்து ஏற்றத்தின் தம்பி எனலாம். தாங்கும் புள்ளியிலிருந்து இரு புறமும் உள்ள நீளங்களின் விகிதமே அதன் குணத்தை நிர்ணயிக்கிறது. செவர்லே எஞ்சினில் இவ்விகிதம் 1.5. கேமின் மேடு டாப்பெட்டை 7.5 மில்லிமீட்டர் உயர்த்துவதாகக் கொண்டால், வால்வு 11.25 மில்லிமீட்டர் திறக்கும். இதே எஞ்சினில் 1.6 விகிதமுள்ள ராக்கரைப் பொருத்தினால் வால்வு 12 மில்லிமீட்டர் திறக்கும். முக்கால் மில்லிமீட்டர் உயர்வுதானே என்று எண்ணலாம். ஆனால் ஒவ்வொரு திறப்பிலும் இந்த உயர்வு கிடைக்கிறது என்பதை மறத்தல் ஆகாது. வால்வு திறக்கும் கணமும் மூடும் கணமும் ஏறக்குறைய மாறுவதில்லை. அதாவது, பலகை உயர்கிறது. திறந்திருக்கும் நேரம் நீளவில்லை. எனவே எஞ்சினின் இயல்பு கெடுவதில்லை. நின்ற நிலை ஓட்டமும் சீராகவே இருக்கும்.

இந்த உயர்வுக்கும் ஓர் எல்லை உண்டு. மதகை எவ்வளவு உயர்த்தினாலும் வாய்க்கால் கொள்ளும் அளவே நீர் ஓடும். வால்வின் குறுக்களவில் நான்கில் ஒரு பங்கு உயரம் திறந்ததும், வால்வைச் சுற்றியுள்ள இடைவெளியின் பரப்பு வால்வு வட்டத்தின் பரப்புக்குச் சமமாகிவிடுகிறது. 49 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வால்வுக்கு அவ்வுயரம் ஏறத்தாழ 12.25 மில்லிமீட்டர். அதற்கு மேல் கிடைக்கும் பலன் சிலிண்டர் ஹெட்டில் உள்ள காற்றுப் பாதையின் தரத்தைப் பொறுத்தது. பாதை குறுகலாயின் ராக்கருக்குச் செலவிட்ட பணம் வீணே.

ராக்கரை மாற்றுவது எளிது. வால்வு மூடியைக் கழற்றினாலே போதும். ஆனால் எளிது என்பதால் அலட்சியம் கூடாது. ஸ்பிரிங் 100 கிலோ விசையுடன் எதிர்க்குமாயின், பழைய ராக்கரில் புஷ்ராட் தாங்கும் சுமை 150 கிலோ. புதியதில் 160 கிலோ. ஸ்பிரிங் இன்னும் ஆழ அமுங்குவதால் சுமை மேலும் கூடும். அந்தச் சுமை முழுதும் கேமின் மேட்டின்மீதே விழுகிறது. அன்றியும், ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கின்றனவா, புஷ்ராட் தன் துளையின் ஓரத்தில் உராய்கிறதா, ராக்கரின் முனை வால்வுத் தண்டின் நடுவே அழுத்துகிறதா என்பவற்றைக் கையால் எஞ்சினைச் சுற்றிப் பார்த்தறிய வேண்டும்.

இனிக் கேம்ஷாப்டைப் பார்ப்போம். ‘பெரிய’ கேம் என்றால் தண்டு பருமனானது என்று பொருளன்று. அதன் மேடுகள் உயர்ந்தும் அகன்றும் இருக்கும். பிஸ்டனின் ஒரு வீச்சு கிராங்க்ஷாப்டின் 180 பாகைச் சுழற்சியில் முடிந்துவிடும். எனினும் சாதாரண எஞ்சினிலேயே வால்வு அதனினும் அதிகமான பாகைகள் திறந்திருக்கும். பெரிய கேம் அதனை மேலும் நீட்டுகிறது. எஞ்சின் விரைந்து சுழலும்போது உள்ளே பாயும் கலவைக்கு ஒரு வேகம் உண்டு. பிஸ்டன் மேலெழத் தொடங்கிய பின்னரும் அது உள்ளே புகுந்துகொண்டிருக்கும். நீண்ட நேரம் திறந்த வால்வு அதற்கு இடம் தருகிறது, வலிமை மிகுகிறது.

ஆனால் மெதுவாக ஓடும்போது நிகழ்வது வேறு. கலவைக்கு அந்த வேகம் இராது. மேலெழும் பிஸ்டன் அதில் ஒரு பகுதியை வந்த வழியே திருப்பித் தள்ளிவிடும். இரண்டு வால்வுகளும் ஒருங்கே திறந்திருக்கும் நேரமும் கூடுவதால், எரிந்த புகை புதிய கலவையோடு கலக்கும். எஞ்சின் நின்ற நிலையில் தடுமாறும். அந்தத் தடுமாற்ற ஒலியைக் கேட்டு மயங்கும் இளைஞர் பலர். அது வலிமையின் முழக்கமன்று, குறைந்த வேகத்தில் எஞ்சின் படும் சிரமத்தின் குரல். கலவை நுழையும் குழாயில் வெற்றிட அளவும் குறைகிறது. அவ்வெற்றிடத்தின் துணையால் இயங்கும் பிரேக் பூஸ்டர் உள்ள வாகனத்தில் பிரேக் மிதி கடினமாகிவிடும். குடும்பத்துடன் மலைச்சரிவில் இறங்குபவருக்கு இது சிறிய செய்தியன்று. எரியாத எரிபொருள் புகையோடு வெளியேறுவதால், நின்ற நிலையில் அளக்கப்படும் மாசுச் சான்றிதழ்ச் சோதனையிலும் வண்டி தவறக்கூடும்.

வேலையும் மிகப் பெரிது. செவர்லே எஞ்சினில் ரேடியேட்டர், டைமிங் மூடி, மேனிபோல்டு அனைத்தையும் கழற்ற வேண்டும். தட்டையான டாப்பெட் உள்ள எஞ்சினில் புதிய கேமுக்குப் புதிய டாப்பெட்டுகளே வேண்டும். பழையவற்றைக் கலந்தால் மேடுகள் விரைவில் தேய்ந்துபோகும். முதன்முறை கிளப்பியவுடன், துத்தநாகச் சேர்மம் உள்ள ஆயில் ஊற்றி, நிமிடத்திற்கு 2,000 சுற்று வேகத்தில் 20 முதல் 30 நிமிடம் ஓட்டிப் பழக்குதல் மரபு. தக்க ஸ்பிரிங்குகள் இன்றியமையாதவை. பலவேளைகளில் கம்பிரெஷனையும் கியர் விகிதத்தையும்கூட மாற்ற நேரும்.

இரு வழிகளுக்கும் பொதுவான எச்சரிக்கை ஒன்று உண்டு. உயரத் திறக்கும் வால்வு பிஸ்டனைத் தொடுமாயின் எஞ்சின் அக்கணமே பாழாகும். பிஸ்டன் தலையில் களிமண் உருண்டையை வைத்து, ஹெட்டைப் பொருத்தி, எஞ்சினைக் கையால் இரண்டு சுற்றுச் சுற்றிப் பின் களிமண்ணை வெட்டி அதன் கனத்தை அளப்பது அனுபவசாலிகளின் முறை. கலவை வால்வுக்கு 2 மில்லிமீட்டரும், புகை வால்வுக்கு இரண்டரை மில்லிமீட்டரும் இடைவெளி இருத்தல் நலம்.

ஆகவே முடிவு என்ன? சென்னையை அடுத்த சோழவரத்தில் முன்னாளில் நடந்த பந்தயங்களைப்போல், எந்நேரமும் உயர்ந்த வேகத்திலேயே ஓடும் வண்டிக்குப் பெரிய கேம்ஷாப்ட் பொருந்தும். நாள்தோறும் அலுவலகம் சென்று, நெரிசலில் நின்று, விடுமுறையில் சொந்த ஊருக்கு நெடுந்தூரம் ஓடும் வண்டிக்கு, பழைய கேமைத் தொடாமல் ராக்கரை மட்டும் மாற்றுவதே அறிவுடைமை. இவ்விரண்டிற்கும் முன்னே செய்ய வேண்டுவதும் ஒன்று உண்டு. டாப்பெட் இடைவெளி, கம்பிரெஷன், தீப்பொறி நேரம், கார்பரேட்டர் இவற்றைச் சீர்செய்து பார்ப்போம். இழந்துவிட்ட வலிமை திரும்பக் கிடைத்துவிட்டால், புதிதாக வாங்க வேண்டுவது எதுவும் இல்லாமலும் போகலாம். வயலின் தேவையை அறிந்த பின்னரே மதகைத் தொடுவது உழவர் வழக்கம். வண்டியின் தேவையை அறிந்த பின்னரே ஸ்பேனரை எடுப்பது நம் வழக்கமாகட்டும்.