வெள்ளைத் தொப்பிக்காரியின் கதை

எமது வாசிகசாலைக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு புத்தகப் பெட்டி வந்தது. மண்வளம், கால்நடை பற்றிய நூல்கள் இருக்கும் என்று ஆவலோடு திறந்தோம். மேலே கிடந்ததோ ஓர் ஆங்கிலக் காதல் நாவல். அட்டையில் வெள்ளைத் துணித்தொப்பி அணிந்த இளம்பெண். குருமடத்து நாட்கள் தொட்டே காதல் நாவல் என்றால் எமக்கு ஓர் இளக்காரம். தூக்கி ஒருபுறம் வைத்தோம். பின்னர் ஒரு மழை இரவில், வேறு வாசிக்க ஒன்றுமில்லாமல் அதை எடுத்தோம். சேவல் கூவும்வரை கீழே வைக்கவில்லை என்று சொல்ல இப்போதும் சற்று வெட்கமாகவே இருக்கிறது.

பெவர்லி லூயிஸ் என்னும் அமெரிக்கப் பெண் எழுதிய இந்நாவல் 1997இல் வெளிவந்தது. பெயர் ‘த ஷனிங்’. ஊர்விலக்கு என்று சொல்லலாம். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்பனையாகின. அதைத் தொடர்ந்து அமிஷ் மக்களைப் பற்றிய காதல் நாவல்கள் அங்கே பெருகின. 2012ஆம் ஆண்டில் மட்டும் எண்பதுக்கு மேற்பட்டவை வந்தன. வாசிப்போரில் பெரும்பாலானோர் அமிஷ் அல்லாத கிறிஸ்தவப் பெண்கள். கார் ஓட்டி வேலைக்குப் போகிறவர்கள்.

யார் இந்த அமிஷ் மக்கள்? வளர்ந்தவர்களுக்கே திருமுழுக்கு என்று கொண்ட ஒரு சபையினர் சுவிற்சர்லாந்திலும் அல்சாஸ் பகுதியிலும் இருந்தனர். 1693இல் யாக்கோப் அம்மான் என்பவரின் தலைமையில் அச்சபையிலிருந்து பிரிந்தவர்களே அமிஷ். இச்சபையினரை வதைத்தவர்களில் கத்தோலிக்க ஆட்சியாளரும் இருந்தனர், சீர்திருத்தச் சபை ஆட்சியாளரும் இருந்தனர். இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. துரத்தப்பட்டவர்களுக்குப் பல இடங்களில் சொந்தக் காணி வாங்கவும் உரிமை இருக்கவில்லை. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, எருவிட்டு, குளோவர் என்னும் தீவனப் பயிரை மாற்றுப்பயிராக விதைத்து மெலிந்த மண்ணைத் தேற்றக் கற்றார்கள். மாட்டுக்குத் தீனியும் மண்ணுக்கு நைதரசனும் தருகிற பயிர் அது. 18ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து பென்சில்வேனியாவுக்குப் போனபோது கையோடு கொண்டுபோன முதல் இந்த அறிவுதான்.

இன்று அவர்கள் நான்கு இலட்சத்துக்கும் அதிகம். கமம் செய்வோரில் பெரும்பாலானோர் குதிரை பூட்டி உழுகிறார்கள். குதிரை வண்டியில் பயணம் செய்கிறார்கள். வெளியே இருந்து வரும் மின்கம்பியை வீட்டுக்குள் எடுப்பதில்லை. பிள்ளைகளின் படிப்பு எட்டாம் வகுப்போடு முடிகிறது. 1972இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அந்த உரிமையை ஏற்றுக்கொண்டது. (இந்த ஒன்றில் எமக்கு அவர்களோடு உடன்பாடில்லை.)

இந்த வாழ்க்கையில் காதல் கதைக்கு ஏது இடம் என்று கேட்கலாம். இடம் அங்கேதான் இருக்கிறது. திருமுழுக்குப் பெறுவதா இல்லையா என்பதை இளைஞர்களே தீர்மானிக்க வேண்டும். பெறாமல் வெளியேறியவருக்கு விலக்கு இல்லை. பெற்றபின் வாக்கை மீறினாலோ, பெற்ற தாயோடும் ஒரே மேசையில் உண்ண முடியாது. அவர் கையிலிருந்து எதையும் வாங்கவும் மாட்டார்கள். சபையில் திருமணம் செய்யவோ இருவரும் திருமுழுக்குப் பெற்றிருக்க வேண்டும். ஆகவே ஒரு பெண் ‘யாரை மணப்பது’ என்று யோசிக்கும்போதே ‘யாருடைய பிள்ளையாக இருப்பது’ என்ற கேள்வியும் வந்துவிடுகிறது. எம்மை விடியும்வரை உட்காரவைத்தது அக்கேள்விதான். நாவலின் நாயகி கேற்றி, தாயின் பரணில் சற்றின் துணியில் தைத்த குழந்தைச் சட்டை ஒன்றைக் காண்கிறாள். எளிய உடை மட்டுமே உடுத்தும் குடும்பத்தில் இது எப்படி வந்தது? தான் வளர்ப்புப் பிள்ளை என்று அறிகிறாள். மணநாளும் நெருங்கிவிட்டது.

வாசிகசாலையில் கூடும் பெண்களுக்கு இக்கதையைத் தமிழில் சொல்லிப் பார்த்தோம். தமது காணிக்கு இன்னும் திரும்ப முடியாத குடும்பத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு மிகவும் பிடித்தது செலறிக் கதை. லங்காஸ்டர் பகுதியில் அறுவடை முடிந்து, பெரும்பாலும் நவம்பரில், செவ்வாய் வியாழக்கிழமைகளில் கல்யாணம் நடக்கும். விருந்துக்குச் செலறி கட்டாயம் வேண்டும். நிச்சயதார்த்தத்தை இரகசியமாக வைத்தாலும், தோட்டத்தில் செலறிப் பாத்தி கூடினால் அயலார் கண்டுபிடித்துவிடுவார்களாம். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அப்போது பின்வரிசையில் இருந்த ஓர் அம்மா கேட்டார்: “சுவாமி, அந்தத் தோட்டக் காணி அவையின்ரை சொந்தமோ?”

நாவலை வாசித்த எமக்கு இக்கேள்வி தோன்றவில்லை. இவ்வகைக் கதைகளில் காணி எப்போதும் இருக்கும். பால்மாடும் களஞ்சியமும் இருக்கும். நிசத்தில் லங்காஸ்டரில் நகரம் பரவி நிலவிலை ஏறிவிட்டது. பிள்ளைகள் எல்லோருக்கும் காணி வாங்கிக் கொடுக்கப் பெற்றோரால் முடிவதில்லை. பலர் தச்சுப் பட்டறைக்கும் கட்டட வேலைக்கும் போகிறார்கள். வேறு சில குடும்பங்கள் கென்ரக்கி, விஸ்கொன்சின், நியூயோர்க் மாநிலங்களுக்கு நிலம் தேடிப் போய்விட்டன. இதை அந்த அம்மாவிடம் சொன்னோம்.

“அப்ப கதையிலை மட்டும்தான் எல்லாரும் கமம் செய்யினம்,” என்றார். பிறகு, “பரவாயில்லை, சொல்லுங்கோ சுவாமி. கேக்க நல்லாயிருக்கு. அந்தப் பிள்ளை தாயிட்டைத் திரும்பிப் போனதோ?”

முதல் நூல் அவள் ஊரைவிட்டுப் புறப்படுவதோடு முடிகிறது. கதை மூன்று பாகம். மற்ற இரண்டும் பெட்டியில் இல்லை. அவற்றைத் தேடி அனுப்பும்படி எழுதியிருக்கிறோம். மண்வள நூல்களையும் மறக்காமல் கேட்டிருக்கிறோம்.