கனவுக் கணினிக்கும் ஒரு முற்றம் வேண்டும்

துவாக்குடியில் உள்ள திருச்சி தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று ‘பரம் பொருள்’ என்ற மீக்கணினி தொடங்கிவைக்கப்பட்டது. தேசிய மீக்கணினி இயக்கத்தின்கீழ் ஏறத்தாழ 19 கோடி ரூபாய்ச் செலவில் அமைந்த இதன் உச்சத் திறன் 838 டெராஃப்ளாப். அதாவது, நொடிக்கு 838 லட்சம் கோடி கணக்குகள். கேம்களில் படம் வரைவதற்காகப் பிறந்த கிராஃபிக்ஸ் சில்லுகளின் வம்சம் இந்த இயந்திரத்துக்குள்ளும் வேலை செய்கிறது. ஆனால், கேமிங் கணினி கட்டும் கனவோடு கடை ஏறும் இளைஞர்கள் இதில் கவனிக்க வேண்டியது வேகத்தை மட்டுமல்ல. வெப்பத்தைச் சில்லின் தலைமேலேயே பிடித்து வெளியே கொண்டுசெல்லும் நேரடித் திரவக் குளிர்விப்பு முறையோடுதான் ‘பரம் பொருள்’ வடிவமைக்கப்பட்டது. வீட்டில் கட்டும் கணினிக்கும் வெப்பத்தை முதலில் யோசிப்பதே முறை. திருச்சியில் கனவுக் கணினியின் பட்டியலை, வெப்பம் வெளியேறும் வழியிலிருந்துதான் எழுதத் தொடங்க வேண்டும்.

இதற்குக் காரணம் இயற்பியலில் இருக்கிறது. கணினி வாங்கிக்கொள்ளும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகவே முடிகிறது. டிரான்சிஸ்டர் சிறுத்தால் அதன் மின்தேவையும் அதே அளவில் சிறுக்கும் என்று 1974இல் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் காட்டினார்கள். அந்த விதி முப்பது ஆண்டுகள் துணைநின்று, 2005ஐ ஒட்டிக் கைவிட்டது. அதன் விளைவைக் கிராஃபிக்ஸ் கார்டுகளில் பார்க்கலாம். என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 கார்டுக்கு 2016இல் 180 வாட் போதுமானதாக இருந்தது. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 4090க்கு 450 வாட்டும், 2025இல் வந்த 5090க்கு 575 வாட்டும் தேவைப்படுகின்றன. பிராசசரையும் சேர்த்தால், உச்ச வேலையில் ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியின் வெப்பம் மேஜைக்கடியில் மணிக்கணக்கில் உமிழப்படுகிறது.

எந்த ஃபேனும் காற்றைக் குளிர்விப்பதில்லை. சில்லின் சூட்டை அறைக்காற்றிடம் ஒப்படைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே குறிப்பிட்ட வேலையில் சில்லின் வெப்பநிலை அறையைவிட 45 டிகிரி கூடும் என்றால், 25 டிகிரி அறையில் அது 70இல் நிற்கும். 39 டிகிரி அறையில் 84ஐத் தொடும். வெயில் 40 டிகிரியைத் தாண்டும் திருச்சிக் கோடையில் இரண்டாவது கணக்குதான் பொருந்தும். சூடு கூடக்கூட கிராஃபிக்ஸ் கார்டு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். பல பிராசசர்கள் 95, 100 டிகிரியில் அதையே செய்யும். குளிர்நாட்டுச் சோதனைக்கூடத்தில் எடுத்த ஃப்ரேம் கணக்கை நம்பி வாங்கிய கார்டு, இங்கே அந்த எண்ணிக்கையைத் தராமல் போவது இதனால்தான். கணினிக்கு மின்சாரம் வழங்கும் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் மின்தேக்கிகளையும் சூடு பாதிக்கும். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுவியலில் நெடுநாள் கணக்கு.

தீர்வின் இலக்கணம் ஸ்ரீரங்கத்துப் பழைய வீடுகளிலேயே இருக்கிறது. தெருப்பக்கத்துத் திண்ணையும் ரேழியும் காற்றை உள்ளே விடுகின்றன. கூடத்தில் சூடேறிய காற்று இலேசாகி, திறந்த முற்றத்தின் வழியே மேலே போகிறது. கேபினெட்டிலும் முன்புறம் இரண்டு மூன்று ஃபேன்கள் காற்றை இழுக்க வேண்டும். பின்புறமும் மேற்புறமும் உள்ளவை அதை வெளியேற்ற வேண்டும். முகப்பு முழுக்கக் கண்ணாடி போட்ட பல கேபினெட்டுகள் கண்ணுக்கு அழகு. ஆனால் அவை வாசலை அடைத்த வீட்டைப் போன்றவை. வலை முகப்பும், கழற்றித் துடைக்கக்கூடிய தூசி வடிகட்டியும் உள்ளதே நம் ஊருக்கு ஏற்றது. சுவரை ஒட்டியோ மேஜையின் மூடிய தட்டுக்குள்ளோ அதை வைத்தால், வெளியேறிய சூடே திரும்ப உள்ளே வரும்.

“தண்ணீர்க் குளிர்விப்பான் போட்டால் போதாதா?” என்று கேட்கலாம். தண்ணீர் வெப்பத்தைச் சிறப்பாகச் சுமக்கும் என்பது உண்மைதான். ஒரே கனஅளவில் காற்றைவிடச் சுமார் 3,500 மடங்கு சுமக்கும். ஆயினும் வீட்டுக் கணினியில் அந்தத் தண்ணீர் தன் சுமையைக் கடைசியில் இறக்கிவைப்பது அதே அறைக்காற்றில்தான். ஏ.சி. உதவும், ஆனால் ஒரு டன் ஏ.சி. ஏறத்தாழ 3,500 வாட் வெப்பத்தையே வெளியேற்றும். 700 வாட் கணினி அதில் ஐந்தில் ஒரு பங்கைத் தனக்கே எடுத்துக்கொள்ளும். கணினியை நாளுக்கு 4 மணிநேரம் ஓட்டினாலே இரண்டு மாதத்தில் 168 யூனிட் செலவாகும்.

“கேமின் வேகம் கார்டில்தானே இருக்கிறது, பணத்தை அங்கே போடாமல் கேபினெட்டில் போடுவானேன்?” என்பது இன்னும் வலுவான கேள்வி. பட்ஜெட்டின் பெரும்பங்கு கார்டுக்கே போகட்டும், அதில் தவறில்லை. ஆனால் சில்லின் மின்செலவு வோல்டேஜின் இருமடிக்கு ஏற்ப உயர்கிறது. கடைசிச் சிறு வேகத்துக்கு நாம் தரும் வாட் மிக அதிகம். 4090 போன்ற கார்டின் மின் வரம்பை 70 சதவீதமாகக் குறைத்தாலும் பல கேம்களில் வேகம் 10 சதவீதத்துக்கும் குறைவாகவே சரிகிறது. மென்பொருளில் செய்யும் இந்த மாற்றத்துக்குக் காசு செலவில்லை. ஆகவே ஒரு படி கீழான கார்டை வாங்கி, மீதியை நல்ல எஸ்.எம்.பி.எஸ்., காற்றோட்டமான கேபினெட், தரமான மதர்போர்டு ஆகியவற்றில் போடுவது நஷ்டமாகாது.

மேம்படுத்தல் என்பதற்குப் பொருளும் இங்கேதான் பிறக்கிறது. ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட்டுக்கு முதல் ரைசன் 2017இல் வந்தது. 2022இல் வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டியும் அதே சாக்கெட்டில் பொருந்தியது. பழைய போர்டுகள் பலவற்றுக்கு பயாஸைப் புதுப்பித்தாலே போதுமானதாக இருந்தது. சில்லுகள் சில ஆண்டுகளில் பழசாகும். காற்றுக்கு வழிவிடும் கேபினெட்டும் பத்தாண்டு உத்தரவாதமுள்ள எஸ்.எம்.பி.எஸ்.ஸும் இரண்டு மூன்று தலைமுறைக் கார்டுகளைத் தாங்கும். வீட்டை நன்றாகக் கட்டிவிட்டால் குடியிருப்பவரை மாற்றிக்கொள்ளலாம். அடுத்த முறை கடையில் விலைப்பட்டியல் எழுதும்போது, கார்டின் பெயருக்கு முன்னால் கேபினெட்டின் பெயரை எழுதுங்கள்.