'சேவை இல்லை' என்று சொல்லும் திறன்பேசி

திறன்பேசி ஒன்று கோபுரத்துடன் இணைவதற்கு, அதன் சிம் அட்டையில் பதிந்துள்ள சந்தாதாரர் அடையாள எண்ணையும் இரகசியக் குறியீட்டையும் துணைகொண்டு வலையமைப்பு அதனைச் சோதித்து ஏற்றுக்கொள்ள வேண்டும். 'சேவை இல்லை' என்ற அறிவிப்பு, இந்த நடைமுறை எங்கோ தடைபட்டதையே காட்டுகிறது. விமானப் பயன்முறையை இயக்கிச் சில நொடிகளில் அணைத்தால், கருவி தன்னைப் புதிதாகப் பதிவு செய்துகொள்வதால், தற்காலிகத் தடங்கல்கள் பலவும் நீங்கிவிடும்.

அதற்கும் மசியாவிடில், சிம் அட்டையை வேறொரு கைப்பேசியில் இட்டுப் பார்ப்பதே ஆகச் சிறந்த சோதனை: அங்கும் இயங்காவிட்டால் குறை அட்டையிலோ கணக்கிலோ இருக்கிறது, இயங்கினால் கருவியிலோ அதன் அமைப்புகளிலோ இருக்கிறது. 2016-இல் சேவையைத் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜி, 3ஜி வலையமைப்புகளே இல்லாததால், அமைப்புகளில் '2ஜி மட்டும்' என்று தேர்ந்திருந்தால் எவ்வளவு தேடினாலும் இணைப்புக் கிடைக்காது.

*#06# என்று அழுத்தினால் தோன்றும் 15 இலக்க ஐஎம்இஐ எண், கருவியின் தனி அடையாளம் ஆகும். களவுபோனதாகப் புகார் செய்யப்பட்ட கருவியின் எண்ணை இந்தியாவில் அரசின் மையப் பதிவேடு முடக்கிவிடுவதால், பழைய கைப்பேசி வாங்குவோர் 'சஞ்சார் சாத்தி' தளத்தில் அதனைச் சரிபார்த்தல் மிக அவசியம்.

நன்கு இயங்கிய இணைப்பு காரணமின்றித் திடீரென அறுந்தால், அதே எண்ணுக்கு மோசடியாளர் வேறு சிம் பெற்று, வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொற்களைக் கைப்பற்ற முயலக்கூடும் என்பதால், உடனே சேவை நிறுவனத்துக்கும் வங்கிக்கும் தெரிவியுங்கள். பணம் பறிபோயிருந்தால் 1930 என்ற எண்ணை அழையுங்கள்.