சிவந்தும் எரிந்து போகாத கம்பி

கொல்லிமலையின் உச்சிப் பகுதிகளில் காவி நிறக் கல் ஒன்று கிடைக்கிறது. அதற்குப் பாக்சைட் என்று பெயர். நீருடன் இணைந்த அலுமினிய ஆக்சைடு அதில் மிகுதி. மேட்டூர் அலுமினிய ஆலை 1965இல் உற்பத்தியைத் தொடங்கியபின் பல ஆண்டுகள் இம்மலையிலிருந்து அக்கல் அங்கே சென்றது. மலைக்கு மேற்கே சித்தம்பூண்டியில் குரோமியத்தின் தாதுவான குரோமைட் பாறையினூடே மெல்லிய அடுக்குகளாக உள்ளது. சேலத்தை ஒட்டிய கஞ்சமலையிலோ இரும்புத்தாது! இந்தத் தாதுக்கள் தரும் மூன்று உலோகங்களும் கலந்தால் மின்சூளைகளின் வெப்பச்சுருளுக்கு ஏற்ற கம்பி கிடைக்கும்.

மின்சாரம் பாயும்போது கம்பி சூடாவது அதன் மின்தடையால் என்று படித்திருப்பீர்கள். 230 வோல்ட்டில் 1,000 வாட் வெப்பம் தர ஏறத்தாழ 53 ஓம் தடை வேண்டும். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள செம்புக்கம்பியில் இந்தத் தடையைப் பெற 600 மீட்டர் நீளம் தேவை. நம் கலவைக் கம்பியில் 7 மீட்டரே போதும்.

ஆனால் தடை மட்டும் இருந்தால் போதாது. சாதாரண இரும்புக்கம்பியைக் காற்றில் செஞ்சூடாக வைத்திருந்தால், அதன் மேல் இரும்பு ஆக்சைடு செதில் செதிலாக வளர்ந்து உதிரும். உள்ளே இருக்கும் இரும்பு மீண்டும் காற்றில் படும். இப்படியே கம்பி மெலிந்து அற்றுவிடும்.

கலவைக் கம்பியும் ஆக்சிஜனோடு சேரத்தான் செய்கிறது. அதில் ஏறத்தாழ 22 விழுக்காடு குரோமியம், 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல் அலுமினியம், மீதி இரும்பு. கம்பி சூடானதும் அலுமினியம் ஆக்சிஜனைப் பற்றி மேற்பரப்பில் மெல்லிய உறையாகிறது. குரோமியம் இல்லாவிட்டால் இவ்வளவு குறைந்த அலுமினியத்தால் முழு உறையை அமைக்க முடியாது. இந்த உறை என்ன பொருள் தெரியுமா? குருந்தக்கல்! சித்தம்பூண்டிப் பாறையில் கிடைக்கும் அதே குருந்தம். ஆக்சிஜன் அதனூடே நுழைவது மிக அரிது. எங்காவது உறை வெடித்தால் உள்ளிருந்து அலுமினியம் வந்து அடைத்துவிடும். அந்த இருப்புத் தீர்ந்தால்தான் கம்பிக்கு முடிவு.

அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் 1906இல் காப்புரிமை பெற்ற நிக்கல்-குரோமியக் கலவையான நிக்ரோம் ஏறத்தாழ 1,200 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். சுவீடனில் ஹான்ஸ் வான் கான்ட்சோ உருவாக்கிய இந்த இரும்புக் கலவையோ 1,400 டிகிரி வரை தாங்கும். விலையுயர்ந்த நிக்கலும் இதற்குத் தேவையில்லை. அவர் பெயரின் முற்பகுதியையும் ஹால்ஸ்டாஹம்மார் என்ற ஊர்ப் பெயரின் முற்பகுதியையும் சேர்த்துக் ‘கான்தால்’ என்று அதற்குப் பெயரிட்டார்கள்.

குறையும் உண்டு. உயர்வெப்பத்தில் இது தளர்ந்து தொய்யும். ஆகவே சூளைகளில் பீங்கான் பள்ளங்களில் பதித்து வைப்பார்கள். பலமுறை காய்ந்தபின் உள்ளே படிகத் துகள்கள் பெரிதாகிவிடுவதால், ஆறிய நிலையில் வளைத்தால் படக்கென்று ஒடியும். அறுந்த சுருளை இழுத்து முறுக்கி ஒட்டுப்போடுவது இதில் பலிக்காது. உறை மின்சாரத்தைக் கடத்தாது என்று நம்பி, மின்தொடர்பிலுள்ள சுருளைத் தொட்டுவிடவும் வேண்டாம். அது அவ்வளவு மெல்லியது.

பழுதாகிக் கழற்றி எறிந்த சுருள்துண்டு கிடைத்தால் ஒரு காந்தத்தை அருகில் கொண்டு செல்லுங்கள். நிக்ரோம் அசையாது. இரும்புக் கலவையானால் ஓடிவந்து ஒட்டிக்கொள்ளும். ஆனால் ஏறத்தாழ 600 டிகிரிக்கு மேல் சூடாகும்போது அந்தக் காந்த ஈர்ப்பும் அதனிடம் இராது.