வாத்து மூக்கும் வாசல் கடையும்

கார் வைத்திருக்கிறவர்களில் பலர், டயர் என்பது டிஸ்க்கோடு ஒட்டிப் பிறந்தது என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பஞ்சராகும் வரை அந்த நம்பிக்கைக்கு ஒரு பங்கமும் வருவதில்லை.

விஷயம் என்னவென்றால், டயரின் விளிம்புக்குள் எஃகுக் கம்பி வளையம் ஒன்று இருக்கிறது. தொழிலில் அதற்கு 'பீட்' என்று பெயர். இழுத்தால் நீள, அதென்ன ரப்பர் பேண்டா? டிஸ்க்கின் உதடோ அந்த வளையத்தைவிடப் பெரிசு. அப்புறம் எப்படி உள்ளே போயிற்று?

வளையல் கடையில் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் கையில் சோப்பைத் தடவி, கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, ஒரு திருகு திருகுவார். சின்ன வளையல் பெரிய கையைத் தாண்டிப் போய்விடும். டயர் மாட்டுவதும் அச்சு அசல் அதேதான். டிஸ்க்கின் நடுவில் ஒரு பள்ளம் ஓடுகிறது. ஒரு பக்கத்து பீட்டை அந்தப் பள்ளத்தில் அமுக்கினால், எதிர்ப்பக்கம் லூஸ் கிடைக்கும். சோப்புத் தண்ணியும் உண்டு. (கிரீஸ், இன்ஜின் ஆயில் கூடவே கூடாது, ரப்பரைத் தின்றுவிடும்.)

இதையெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தது சேலம் மாவட்டம் சங்ககிரியில் ஒரு வாசல் கடை. லாரிக்குப் பேர்போன ஊர். வீட்டு முன்னால் தகரக் கொட்டகை, அதற்குள் ஒரு பழைய டயர் சேஞ்சர். கடைக்கார அண்ணன் முப்பது வருஷம் லாரி டயரோடு மல்லுக்கட்டியவர். இடுப்பு எலும்பு கணக்குக் கேட்க ஆரம்பித்தது.

"டாக்டர் எக்ஸ்ரேவைப் பாத்துப்போட்டு, இனிமே குனியக் கூடாதுன்னுட்டாருங்க. பஞ்சர்கடைக்காரன் குனியாம என்னத்தப் பண்றது தம்பி? ஒண்ணு கடையைச் சாத்தோணும், இல்லாட்டி டயரு நிமிந்து என்கிட்ட வரோணும்!"

டயரை நிமிர்த்துவது என்று முடிவாகி, அக்காவின் சங்கிலி அடகுக்குப் போயிற்று. பெரிய ஷோரூம் ஒன்று கழித்துக் கட்டிய மெஷின், 45,000 ரூபாய். சீல், ஓ-ரிங் மாற்ற 3,000. கவ்வும் தாடைகளில் பல் தேய்ந்திருந்ததால் அதற்கு 4,000. மோட்டார் செலவு 8,000. ஆக மொத்தம் 60,000.

மோட்டாருக்கு ஏன் செலவு என்கிறீர்களா? ஷோரூமில் த்ரீ ஃபேஸ். இவர் வீட்டில் சிங்கிள் ஃபேஸ். மோட்டாரை மாற்றினால் போதும் என்றுதான் பலரும் நினைப்பார்கள். பெடலை மிதித்தால் தட்டு வலமாகவும், மேலே தூக்கினால் இடமாகவும் சுற்ற வேண்டும். த்ரீ ஃபேஸில் இரண்டு ஒயரை இடம் மாற்றினால் திசை மாறிவிடும். பழைய ஸ்விட்ச் அதற்காகச் செய்தது. சிங்கிள் ஃபேஸில் ஸ்டார்ட்டிங் சுருளைத் தனியாகப் பிரித்துத் திருப்ப வேண்டும். அப்படியும் மோட்டார் நின்ற பிறகுதான் எதிர்த்திசைக்குச் சம்மதிக்கும். ஓடும்போதே திருப்பினால், பிடிவாதக்காரப் பிள்ளை மாதிரி போன வழியிலேயே போகும்.

மெஷினின் பக்கவாட்டில் மண்வெட்டி போல ஒரு தகடு. காற்றை இறக்கி, வால்வின் நெடிலைக் கழற்றி, டயரை அதற்கும் ரப்பர் மெத்தைக்கும் நடுவே வைத்துப் பெடலை மிதித்தால், டிஸ்க்கோடு ஒட்டிக் கிடக்கும் பீட் 'பொளக்'கென்று விடும். சம்மட்டியும் லிவரும் வைத்து அரை மணி அடித்த காலம் போச்சு. பிறகு தட்டின் மேல் ஏற்றினால் நாலு தாடைகள் கவ்விக்கொள்ளும். மேலிருந்து ஒரு கை இறங்கும். அதன் நுனி வாத்து மூக்கு மாதிரியே இருக்கும், பெயரும் 'டக் ஹெட்'. அது டிஸ்க்கில் உரசாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளி நிற்க வேண்டும். லிவரால் பீட்டை மூக்கின் மேல் ஏற்றிவிட்டுப் பெடலை மிதித்தால், தட்டு சுற்றச் சுற்ற டயர் பலாச்சுளை மாதிரி கழன்று வருகிறது.

லிவர் பிடிப்பது அண்ணன் இல்லை, அக்கா! டயரைத் தூக்கி வைக்கவே அண்ணனுக்கு முடியாது. பத்தாவது வரை படித்த அக்கா, பத்தே நாளில் மூன்று பெடலையும் தையல் மெஷின் மாதிரி மிதிக்கப் பழகிவிட்டார்.

நான் பி.காம். சும்மா இருக்குமா புத்தி? டயருக்கு 100 ரூபாய் கூலி. 60,000 எடுக்க 600 டயர். தினம் ஐந்து என்றால் 120 நாள், நாலே மாதம். வட்டியையும் கரண்டையும் தள்ளினாலும் ஐந்து மாதத்தில் சங்கிலி கழுத்துக்கு வந்துவிட வேண்டும். வந்ததோ ஒன்பதாவது மாதம்.

பேரேட்டில் இதற்குப் பத்தி கிடையாது. காரை நிறுத்துகிறவர் அக்காவைப் பார்ப்பார். "வீட்டுக்காரர் இல்லீங்களா?" என்பார்.

"இருக்காருங்க. காத்து அடிப்பாரு."

சிலர் சிரித்துக்கொண்டு இறங்குவார்கள். சிலர் "அப்புறம் வர்றனுங்க" என்று வண்டியைத் திருப்பிவிடுவார்கள். டவுனில் எவனோ ஒரு பொடியன் அலாய் வீலில் கோடு கோடாய்க் கீறி அனுப்பினாலும் அவர்களுக்குச் சம்மதம்! எனக்கு வந்த கோபத்தில் பாதிகூட அக்காவுக்கு வரவில்லை. தாடைக்கும் வாத்து மூக்குக்கும் பிளாஸ்டிக் உறை வாங்கி மாட்டினார். இரும்பு டிஸ்க்கை உள்ளிருந்து கவ்வ வைப்பார், அலாயை உறை போட்டு வெளியிலிருந்து. தட்டை மாதிரி மெல்லிய டயர் போட்ட சொகுசுக் கார் வந்தால், "இந்த மிஷினுக்கு உதவிக் கை இல்லீங்க, டவுனுக்குப் போயிருங்க" என்று அவரே அனுப்பிவிடுவார். அப்படி அனுப்பப்பட்டவர்களில் இரண்டு பேர், வீட்டிலுள்ள சின்னக் காருக்கு டயர் மாற்ற இங்கேயே வந்தார்களாம்.

காற்று அடிப்பது அண்ணன் இலாகா. டயர் டிஸ்க்கில் உட்காரும்போது 'பட்', 'பட்' என்று இரண்டு சத்தம் வரும். 40 பாயிண்ட் வரைக்கும் சத்தம் வராவிட்டால் காற்றை இறக்கிவிட்டு, சோப்பு தடவி மறுபடி முயல வேண்டும். "இன்னும் கொஞ்சம் அடிச்சா உக்காந்துக்கும்" என்பது ஆபத்தான வார்த்தை. விரல் பக்கத்திலேயே போகக் கூடாது. ஆறு வயசுப் பேரன் அந்த நேரத்தில் வாசல்படி தாண்டக் கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

லாக் ரிங் போட்ட லாரி வீலை அண்ணன் இப்போது தொடுவதே இல்லை. துருப்பிடித்த ரிங் சரியாக உட்காராமல், உள்ளே 100 பாயிண்ட்டுக்கு மேல் காற்று ஏறினால் அது ரிங் இல்லை, சக்கராயுதம். பக்கத்துக் கடையில் ஒருமுறை ஆஸ்பெஸ்டாஸ் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனதாம். அடித்துக்கொண்டிருந்த ஆள் டீ வந்ததென்று எழுந்து போனதால் இன்றைக்கும் டீ குடிக்கிறார்.

ஒரு இடைச்செருகல். நாம் 'ஸ்டெப்னி' என்கிறோமே, அது பொருளின் பெயரில்லை, தெருவின் பெயர். வேல்ஸ் நாட்டு லானெத்லி ஊரில் ஸ்டெப்னி தெருவில் 1904-ல் உபரிச் சக்கரம் செய்து விற்க ஆரம்பித்தார்கள். அந்தத் தெருப் பெயர் இன்றும் சங்ககிரி வரை புழங்குகிறது.

அந்த ஸ்டெப்னியைத்தான் அக்கா முதலில் திருப்பிப் பார்க்கிறார். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும். 2417 என்றால் 2017-ஆம் வருஷம் 24-ஆவது வாரம் பிறந்தது என்று அர்த்தம். பூ தேயாமலே கிழடு தட்டி வெடித்த ஸ்டெப்னிகள் கொட்டகை மூலையில் குவிந்து கிடக்கின்றன. மேலே ஒரு கோழி அடை காக்கிறது.

நான் போன அன்று வேறு ஒரு கவலை. வீட்டு மீட்டரில் கடை ஓட்டக் கூடாது, வணிக இணைப்பு வாங்க வேண்டும். விண்ணப்பத்தை என்னிடம் நீட்டி நிரப்பச் சொன்னார் அண்ணன்.

"யார் பேர்லண்ணா போடறது?"

"அவ பேர்லதான் தம்பி. மிதிக்கறது அவ, பில்லு என் பேர்லயா வரும்?"

அக்கா சோப்புக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். பேனாவை வாங்கி, கையெழுத்துக்கு முன்னால் எல்லாப் பத்தியையும் ஒருமுறை படித்தார்.