அத்தை கொடுத்த ஒரு படி சாமை

காரவள்ளியில் பஸ் ஏறினால் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஆறு வருசம் கழித்து, ஆடி 18-க்கு நான் பிறந்த கொல்லிமலைக்குப் போனேன்.

சின்ன வயசில் செம்மேட்டுக்கு நடக்கும் வழியெல்லாம் சாமை, திணை, கேழ்வரகு. இப்போது சரிவு முழுக்க மரவள்ளி. கூடப் படித்த நண்பனிடம் கேட்டேன்.

"சாமை போட்டா சோறு கிடைக்கும், காசு கிடைக்குமா? கிழங்குன்னா சேகோ ஆலைக்கு லாரியில போயிடுதுல்ல" என்றான்.

நியாயம்தான். ஆனால் கிழங்கு பிடுங்கிய சரிவில் மண் இளகி, மழையோடு ஓடுகிறது. எருவே போதுமென்றிருந்த காட்டில் இன்று உர மூட்டை இறங்குகிறது.

அத்தை வீட்டில் சாமைச் சோறும் அவரைக் குழம்பும். "இன்னும் போடுறீங்களா அத்தை?"

"வீட்டுக்கு மட்டும் கொஞ்சம் போடுறேன்டா. உலக்கை பிடிச்சுக் குத்தத்தான் தெம்பு இல்ல."

சாமையைக் கைவிட வைத்தது விலை மட்டுமல்ல, பெண்களின் தோள்வலியும்தான் என்று அப்போதுதான் உறைத்தது.

கிளம்பும்போது அத்தை ஒரு படி விதை கட்டிக் கொடுத்தார். பாதியை நண்பனிடம் கொடுத்தேன். "மரவள்ளியை விட வேணாம். ஒரு துண்டு நிலத்துல இதைப் போடு. நாலஞ்சு வீடு சேர்ந்து உமி நீக்குற மெஷின் வாங்குவோம். என் பங்கு நான் தர்றேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் யோசித்தான். "அடுத்த வருசம் அறுப்புக்கு வா."

உங்கள் ஊரிலும் ஒரு அத்தை விதை வைத்திருப்பார். அவர் இருக்கும்போதே கேட்டு வாங்குங்கள். வாங்கியதை விதையுங்கள்.