பேரம் பேசும் கணிப்பொறிகள்

வாங்குவோரும் விற்போரும் பேசி விலையை முடிவு செய்தல் தொன்றுதொட்டு வரும் வழக்கம். இவ்வேலையை உரிமையாளர் சார்பில் தானே நடத்தும் கணிப்பொறிச் செயல்திட்டம் ‘முகவர்’ எனப்படும்.

1980ஆம் ஆண்டில் ரீட் ஸ்மித் என்பார் ‘ஒப்பந்த வலை’ என்னும் முறையை வெளியிட்டார். இது டெண்டர் முறையை ஒத்தது. வேலையுள்ள முகவர் அதனை அறிவிக்கும். செய்ய வல்ல முகவர்கள் தத்தம் புள்ளிகளை அனுப்பும். மிகவும் ஏற்றதற்கு வேலை அளிக்கப்படும். 1993இல் துவோமாஸ் சாண்ட்ஹோல்ம் இம்முறையைத் தன்னலம் கருதும் முகவர்களுக்கு விரிவுபடுத்தி, தனித்தனிச் சரக்கு வண்டி நிலையங்களுக்குப் பொருத்திக் காட்டினார்.

இதன் அடிப்படை எளியது. ஒரு நிலையம் ஓர் ஊருக்குத் தனியே லாரி அனுப்ப 4,000 ரூபாய் செலவாகும் எனக் கொள்வோம். அவ்வழியே செல்லும் மற்றொரு நிலையத்தின் லாரிக்கு அச்சுமையால் நேரும் கூடுதற் செலவு 900 ரூபாயே. 2,000 ரூபாய்க்கு ஒப்பந்தம் முடியுமாயின் முதல் நிலையத்துக்கு 2,000 ரூபாயும், இரண்டாவதற்கு 1,100 ரூபாயும் ஆதாயம். கூடுதற் செலவைக் கணக்கிட வல்ல முகவரே இலாபமான ஒப்பந்தத்தை அறிய இயலும்.

ஆயினும் தன்னலமுள்ள முகவர் தன் செலவை மிகுத்துக் கூறலாமன்றோ? இதற்கு ஒரு வழியை வில்லியம் விக்ரி என்னும் பொருளியல் அறிஞர் 1961இல் ஆராய்ந்தார். 1996இல் நோபெல் பரிசும் பெற்றார். அவர் முறையில் மிகக் குறைந்த புள்ளி கொடுத்தவருக்கே வேலை. ஆனால் அவருக்குக் கிடைப்பது அடுத்த புள்ளியின் தொகை. 900, 1,300, 1,800 என மூன்று புள்ளிகள் வரின், 900 கேட்டவர் 1,300 பெறுவார். அவரே பொய்யாக 1,400 கேட்டிருப்பின் வேலையையும் 400 ரூபாய் ஆதாயத்தையும் இழந்திருப்பார். செலவினும் குறைத்துக் கேட்பவர் நட்டத்துக்கு வேலை ஏற்க நேரலாம். ஆகவே உண்மை கூறுவதே நலம். எனினும் போட்டியாளர் கூடிச் சதி செய்தால் இம்முறை பயன்தராது.

ஒப்பந்தத்திற்குப் பின் நிலைமை மாறினால் என் செய்வது? சாண்ட்ஹோல்மும் விக்டர் லெஸ்ஸரும் 1990களில் ஒரு வழி வகுத்தனர். இரு தரப்பாரும் விலகுதற்குரிய அபராதத்தை முன்னரே குறித்துக்கொள்வர். அதைச் செலுத்தி எவரும் விலகலாம். இதனால், வேறு வகையில் கைகூடாத ஒப்பந்தங்களும் கைகூடும். ஆனால் அபராதத்தைப் பெறும் ஆசையால், மற்றவர் முதலில் விலகட்டும் என ஒவ்வொருவரும் காத்திருத்தலும் உண்டு.

முகவர் செய்த ஒப்பந்தத்திற்குப் பொறுப்பு யாருடையது? இந்தியாவின் 2000ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி, தானே இயங்குமாறு ஒருவரால் அமைக்கப்பட்ட கணிப்பொறி அனுப்பும் மின்னணுப் பதிவு அவர் அனுப்பியதாகவே கொள்ளப்படும். மின்னணு வழியில் ஏற்பட்டது என்ற காரணத்தால் மட்டும் ஓர் ஒப்பந்தம் செல்லாததாகாது என்கிறது 10ஏ பிரிவு. எனவே முகவருக்கு அளிக்கும் அதிகாரத்தின் எல்லையை உரிமையாளர் முன்கூட்டியே வரையறுத்தல் இன்றியமையாதது.

ஆசிரியர்கள் விக்ரி முறையை வகுப்பிலேயே விளக்கலாம். மாணவர் ஐவருக்கு வெவ்வேறு செலவுத் தொகைகளை மறைவாகக் கொடுத்து, புள்ளிகளைச் சீட்டில் எழுதச் செய்க. முதலில் வென்றவர் தாம் கேட்ட தொகையையே பெறட்டும். மறுமுறை அடுத்த புள்ளியின் தொகையைப் பெறட்டும். இரு முறைகளிலும் எழுதிய புள்ளிகளை ஒப்பிட்டால், விதி மாறும்போது உண்மை கூறுதலின் பயனும் மாறுவதை மாணவர் தாமே உணர்வர்.